பெண் பார்க்க வந்த காரும் விம்பிள்டன் அரையிறுதியும்

என் வாழ்நாளில் நான் ஒரேயொரு களவுதான் செய்திருக்கிறேன். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

களவெடுத்தது ஒரு மோட்டார்க் காரின் பற்றரி. கார், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுடையது. அவர்கள் எங்கள் முன் விறாந்தையில் கதிரைகளில் அமர்ந்து அம்மா சுட்ட பயற்றம் பணியாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பார்க்கப்பட வேண்டிய பெண்ணாகிய நான் வீட்டின் பக்கச் சுவரோரம் நின்ற காரின் பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். (தலையில் மல்லிகைப் பூ. கையில் ஸ்பானர்.)

இதைக் கேட்கிறவர்கள் பலர், கலியாணம் பிடிக்காமல்தான் அப்படிச் செய்தேன் என்று நினைத்து என்னைப் பெரிய புரட்சிக்காரி ஆக்கப் பார்க்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்திருந்தேன். காது கொஞ்சம் பெரிது. மற்றும்படி குறை சொல்ல எதுவும் இல்லை. கலியாணத்தில் எனக்கு ஒரு மறுப்பும் கிடையாது. எனக்குத் தேவைப்பட்டது பற்றரி மட்டும்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அப்பா இரணைமடுவில் நீர்ப்பாசன இலாகா ஓவசியர். குளக்கட்டுக்குக் கீழே இலாகா வீடுகள் வரிசையாக இருந்தன. எங்களுடையது கடைசி வீடு. வரிசையின் மறு முனையில் இஞ்சினியர் பங்களா. பங்களாவுக்குப் பின்னால் ஒரு ரென்னிஸ் தரை. காட்டுக்குள் ரென்னிஸ் தரை எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் எந்தக் காலத்திலோ புற்றுமண்ணை இடித்துச் சலித்து, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இறுக்கிச் செய்தது. அவர் போய்விட்டார், தரை இருந்தது. யானைகள் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போது அதன் குறுக்கே நடந்து போகும். யானைக் காலடிக் குழிக்குள் பந்து விழுந்தால் அந்த அடியை மறுபடி ஆடவேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம்.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது புதிதாக வந்த இஞ்சினியரின் மனைவி கொழும்பில் ரென்னிஸ் ஆடிப் பழகியவர். எதிர்ப்பக்கம் நிற்க ஆளில்லை. கணவருக்கோ பின்னேரத்தில் நித்திரை கொள்ளத்தான் விருப்பம். தன்னோடு ஆட என்னை அனுப்பும்படி அம்மாவிடம் கேட்டார். மேலதிகாரியின் மனைவி கேட்டதை மறுக்க முடியாமல் அம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: குமர்ப்பிள்ளை ஓடக்கூடாது. ஆகவே நான் ஓடாமல் ரென்னிஸ் பழகினேன். எட்டி நடந்தே பந்தைப் பிடிப்பேன். உலகத்தில் இந்த முறையில் ஆடிய ஒரே ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்று வருடங்களில் இஞ்சினியர் தெற்குப் பக்கம் மாற்றலாகிப் போனார். போகும்போது அவர் மனைவி எனக்கு நரம்பு அறுந்த றாக்கெற் ஒன்றையும் ஒரு கட்டு ஆங்கில விளையாட்டுச் சஞ்சிகைகளையும் தந்துவிட்டுப் போனார். றாக்கெற்றைச் சுவரில் கொழுவினேன். சஞ்சிகைகளை மனப்பாடம் செய்தேன். அதன்பின் ஒவ்வொரு ஆடி மாதமும், ரெயிலில் வந்து, கிளிநொச்சிச் சந்தியில் பஸ் மாறி, ஒரு நாள் பிந்தி எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில்தான் எனக்கு விம்பிள்டன் நடந்தது.

அந்த நாட்களில் சென்னையிலிருந்து ஒரு தமிழர் அங்கே போய் ஆடிக்கொண்டிருந்தார். தோசை சாப்பிட்டு வளர்ந்த ஒருவர், புல்லுத் தரையில், அவ்வளவு வெள்ளைக்காரருக்கு நடுவில்! அவருடைய பெயரை ஆங்கிலப் பத்திரிகைக்காரன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக எழுதுவான், நான் பென்சிலால் திருத்தி வைப்பேன். முந்திய வருடம் அவர் அரையிறுதி வரை போய்த் தோற்றுவிட்டார். தோற்றது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அந்த இரண்டு நாளும் அவர் வென்றுவிட்டார் என்ற நினைப்பில் நான் சந்தோசமாகத் திரிந்திருக்கிறேன். அந்த அவமானம் என்னை விட்டுப் போகவில்லை. அவர் ஆடும்போது நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அதனால்தான் தோற்றார் என்று முடிவுகட்டினேன். (எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரணைமடுப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.)

அடுத்த வருடமும் அவர் அரையிறுதிக்கு வந்துவிட்டார். இந்த முறை கேட்பது என்று தீர்மானித்தேன்.

எங்களிடம் றேடியோ இருந்தது. மின்சாரம் இல்லை. கார் பற்றரி ஒன்றில்தான் றேடியோ பாடும். பற்றரி இறங்கினால் பஸ்ஸில் கிளிநொச்சிக்கு அனுப்பி, ஏற்றி எடுக்க இரண்டு மூன்று நாள் செல்லும். ஆகவே போட்டி தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் கடும் சட்டம் போட்டேன். பாட்டு இல்லை. நாடகம் இல்லை. அப்பாவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு செய்தி, அதிலும் தலைப்புகள் முடிந்தவுடன் நிறுத்திவிடுவேன். லண்டன் சிற்றலை தெளிவாக விழுவதற்காகப் பின் வளவுப் பாலைமரத்தில் அப்பாவை ஏறவைத்து ஏரியல் கம்பியை இன்னும் உயர்த்திக் கட்டினேன். அங்கே பகல் இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் எங்களுக்குப் பின்னேரம் ஆறரை. எல்லாம் தயார்.

அப்போதுதான் அம்மா சொன்னார், வவுனியாவிலிருந்து என்னைப் பார்க்க வருகிறார்கள் என்று. அதே நாள். அதே பின்னேரம்.

ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அம்மா உரலில் மா இடித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"அவை நாள் பாத்து வாற ஆக்கள், தவம். வெள்ளைக்காரன் உன்னைக் கேட்டோ பந்தடிக்கிறான்?"

சரி, அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கேட்கலாம் என்று எனக்குள் கணக்குப் போட்டேன். அம்மாவும் எனக்கு அம்மாதானே, அவரும் ஒரு கணக்குப் போட்டிருந்தார். அன்று மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், றேடியோவுக்குக் கீழே இரண்டு வயர்கள் வெறுமனே தொங்கின. பற்றரியைக் காலை பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்து, ஏற்றி வரச் சொல்லிக் கிளிநொச்சிக்கு அனுப்பிவிட்டார்.

நான் அழவில்லை. முகம் வீங்கிவிடும் என்று அம்மா அழ விடவும் இல்லை. முள்ளியவளை மாமியிடம் இரவல் வாங்கிய, நீலக் கரை போட்ட மெல்லிய பருத்திச் சேலையை உடுத்திவிட்டார். முதல்நாளே பட்டு உடுத்தினால் எடுப்பாகத் தெரியும் என்பது அவருடைய எண்ணம். பருத்தியைத் தேர்ந்தெடுத்ததுதான் அன்று அவர் விட்ட ஒரேயொரு பிழை.

ஐந்தரை மணிக்குக் கார் வந்தது. கறுப்புக் கார். அதை ஓட்டி வந்தவர் மாப்பிள்ளையின் தகப்பனார் கனகசபை, இளைப்பாறிய தபாலதிபர். இறங்கியவுடன் வணக்கம் சொல்வதற்கு முன்பே பையிலிருந்து துணி ஒன்றை எடுத்துக் காரின் முகத்தைத் துடைத்தார். வேப்பமர நிழலில் விடுங்கள் என்று அப்பா சொன்னதற்கு, காகம் எச்சமிடும் என்று மறுத்து, பக்கச் சுவரோரம் கொண்டுபோய் விட்டார். என் அறை யன்னலுக்கு நேரே. பின்னால் அவருடைய மனைவியும் மாப்பிள்ளை சிவபாதமும் இறங்கினார்கள். படத்தில் இருந்த அளவுக்குக் காது பெரிதாக இல்லை.

நான் யன்னலுக்குள் நின்று மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா நினைத்தார். நான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்திய மாரியில் வெள்ள அறிவித்தல் கேட்பதற்காக அப்பா இலாகா ஜீப்பின் பற்றரியைக் கழற்றி எங்கள் றேடியோவில் பூட்டியிருந்தார். விளக்குப் பிடித்தவள் நான். எந்த நட்டு எந்தப் பக்கம் சுற்றும் என்பது எனக்குத் தெரியும்.

தேத்தண்ணீர்த் தட்டோடு போனேன். விழுந்து கும்பிட்டேன். கனகசபையர் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். பாடத் தெரியுமா, தையல் தெரியுமா, எவ்வளவு காலமாகப் படிப்பிக்கிறேன். சுவர் மணிக்கூடு ஆறு பத்து காட்டியது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். "பிள்ளைக்கு நல்ல அடக்கம்" என்று அவர் மனைவியிடம் சொன்னது உள்ளே திரும்பும்போது என் காதில் விழுந்தது.

குசினிக் கதவால் வெளியே இறங்கினேன். ஸ்பானரும் சுத்தியலும் கிடக்கும் அப்பாவின் ஆயுதப் பெட்டி வீட்டுக்குப் பின்னால் கோடிப் பக்கம் இருந்தது. பொனற்றைத் திறக்கும்போது அது கிறீச்சிட்டது. விறாந்தையில் அந்த நேரம் அப்பா குளத்து மதகின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மதகைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பீரங்கி வெடித்தாலும் யாருக்கும் கேட்காது. இரண்டு நட்டும் கழன்றன. பற்றரியைத் தூக்கினேன்.

கார்ப் பற்றரியைத் தூக்கியவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். நெஞ்சோடு அணைத்தேன், முடியவில்லை. தண்ணீர்க் குடம் எடுப்பதுபோல இடுப்பில் வைத்தேன். அதுதான் சரியாக வந்தது. நடக்க நடக்க உள்ளே அசிட் களக் களக் என்றது. பழைய பற்றரி, மூடிகள் இறுக்கமில்லை. இடுப்பில் கொஞ்சம் ஈரம் பட்டது. வியர்வை என்று நினைத்தேன். (விஞ்ஞானம் படிப்பித்தவள் என்று மேலே எழுதியதை வாசகர்கள் மறந்துவிட வேண்டுகிறேன்.)

றேடியோவை மேசைக்குக் கீழே இறக்கி வைத்து, வயர்களைப் பூட்டி, சத்தத்தை இயன்றவரை குறைத்து, நானும் மேசைக்குக் கீழே புகுந்து காதை ஒட்டிக்கொண்டேன். முதலில் இரைச்சல். பிறகு ஏதோ நாட்டுப் பாட்டு. முள்ளை மயிரளவு நகர்த்தியதும் ஒரு ஆங்கிலக் குரல் அவருடைய பெயரைச் சொன்னது. பிழையாகத்தான் சொன்னது. இருந்தாலும் சொன்னது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு நாள் பழைய பத்திரிகையில் அல்ல. இந்த நிமிடம். அவர் பந்தை நிலத்தில் தட்டுவது கேட்டது, அடித்தது கேட்டது, ஆயிரக்கணக்கானவர்கள் கை தட்டியது கேட்டது. கடலுக்கு அப்பால் எங்கோ வெள்ளைக்காரர்கள் ஒரு தமிழனுக்குக் கை தட்ட, அதை நான் இரணைமடுவில் ஒரு மேசைக்குக் கீழே இருந்து கேட்கிறேன். நானும் சத்தம் வராமல் கை தட்டினேன்.

எதிரே ஆடியவர் இடக்கை அவுஸ்திரேலியர். முதல் செற் சுருக்காகவே போய்விட்டது. பரவாயில்லை, இன்னும் சூடேறவில்லை என்று அவருக்காக நானே சமாதானம் சொன்னேன். இரண்டாவது செற்றில் எங்களவர் விடவில்லை. ஆறுக்கு ஆறு. என் கழுத்து விறைத்துவிட்டது, அசையவில்லை. அசைந்தால் அவருடைய அடி பிழையாகிவிடும் என்று பயம். ஆனாலும் பிழையாகிவிட்டது. அந்தச் செற்றும் போனது. அதுவரை அம்மாவுக்காக அடக்கி வைத்திருந்த அழுகை அவுஸ்திரேலியரின் பேரில் வெளியே வந்தது.

"ஆர் செத்தது?"

யன்னலில் மாப்பிள்ளை சிவபாதம் நின்றார். தகப்பனாரின் வெற்றிலைப் பையை எடுக்கக் காருக்கு வந்தவர். காருக்குள் விளக்கைப் போட்டிருக்கிறார், எரியவில்லை. அழுகைச் சத்தம் கேட்டு யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஒருத்தரும் இல்லை. இரண்டாவது செற்றும் போட்டுது" என்றேன்.

அவர் பார்வை மேசைக்குக் கீழே வந்தது.

"உது எங்கட பற்றரியெல்லே?"

"ஓம். இன்னும் ஒரு செற் இருக்கு. முடிஞ்ச உடன தாறன்."

நல்ல மனுசன், கோபிக்கவில்லை. எவ்வளவு நேரம் செல்லும் என்றுதான் கேட்டார். எங்களவர் இந்தச் செற்றை வென்றால் ஆட்டம் ஐந்து செற் வரைக்கும் போகலாம், இன்னும் இரண்டு மணித்தியாலம் செல்லும். தோற்றால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று விளக்கினேன். அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார், "அப்ப அவர் தோக்கிறது நல்லம் எண்டு நினைக்கிறன்."

இந்த மனுசனோடு என்னால் வாழ முடியாது என்று அந்த நிமிடம் முடிவெடுத்தேன். ஆனால் அவர் விறாந்தைக்குத் திரும்பிப் போய் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மாவிடம் இன்னொரு தேத்தண்ணீர் கேட்டார். பிறகு அப்பாவிடம், அந்த மதகின் கதையை முதலில் இருந்து சொல்லச் சொன்னார். இப்படியொரு மருமகன் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று அப்பா பூரித்துப்போய் மறுபடி தொடங்கினார். எனக்காக அவர் பட்ட அந்தப் பாட்டுக்கு நான் அன்று நன்றி சொல்லவில்லை.

மூன்றாவது செற்றையும் எங்களவர் தோற்றார். நேராக மூன்று செற். ஆனால் கேட்டேன். கடைசி அடிவரை கேட்டேன். இனி யாரும் எனக்கு இரண்டு நாள் பிந்திச் செய்தி சொல்ல வேண்டியதில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பற்றரியை மறுபடி இடுப்பில் ஏற்றினேன். சிவபாதம் வெளியே காத்து நின்று ரோச் லைற் பிடித்தார். நான் நட்டுகளை முறுக்கினேன். எங்களுக்குள் அவ்வளவுதான் கதை. விறாந்தையிலிருந்து எல்லோரும் விடைபெற்று இறங்கிவரும்போது பொனற் மூடியிருந்தது, ஸ்பானர் கோடியில் இருந்தது, நான் அம்மாவுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். களவு சுத்தமாக முடிந்துவிட்டது என்றே நம்பினேன்.

கனகசபையர் ஏறி அமர்ந்து அப்பாவைப் பார்த்துச் சொன்னார், இத்தனை வருடத்தில் இந்தக் கார் தன்னை ஒரு நாளும் தெருவில் விட்டதில்லை என்று. சொல்லிவிட்டு ஸ்ராட்டரை இழுத்தார். பொனற்றுக்குள் பூனை தும்மியதுபோல ஒரு சத்தம் வந்தது. மறுபடி இழுத்தார். பூனை தும்மவும் இல்லை.

போன வருடமே மாற்றியிருக்க வேண்டிய பற்றரியாம், கனகசபையர் பிறகுதான் சொன்னார். நான் ஒன்றேகால் மணித்தியாலம் ரென்னிஸ் கேட்டதில் அதன் கடைசி உயிரும் போய்விட்டது. கையால் சுற்றி எழுப்பும் இரும்புத் தடி எங்கே என்று அப்பா கேட்டார். கனகசபையரின் மனைவி பின் சீற்றில் இருந்து மெல்லச் சொன்னார், அது வவுனியாவில் கோழிக்கூட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறதென்று.

ஆகவே தள்ளுவது என்று ஆனது. குளக்கட்டுக்கு ஏறும் பாதையில் கொஞ்சத் தூரம் தள்ளிப்போய் விட்டால் சரிவில் இறங்கும்போது எழும்பிவிடும் என்றார் அப்பா. அப்பா ஒரு பக்கம், சிவபாதம் மறுபக்கம். கார் அரை முழம் நகர்ந்து நின்றது. பின் சீற்றில் இருந்த கனகசபையரின் மனைவி இறங்குவதாக இல்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. குற்றம் என்னுடையது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்று முதுகைக் கொடுத்துத் தள்ளினேன்.

கார் நகர்ந்தது. சேலையும் நகர்ந்தது. தள்ளுகிற வேகத்தில் இடுப்பில் ஏதோ காய்ந்த சருகு நொறுங்குவதுபோல இருந்தது. அம்மா லாம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தவம், சேலை."

குனிந்து பார்த்தேன். இடது இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் முள்ளியவளை மாமியின் சேலை இல்லை. அசிட் பட்ட இடமெல்லாம் அரித்து, தொட்டால் உதிர்கிறது. உள்ளே தெரிந்தது என் உள்பாவாடை. அந்தக் காலத்தில் கோதுமை மாப் பை தடித்த வெள்ளைத் துணியில் வரும். வீட்டுக்கு வீடு அதில்தான் உள்பாவாடை தைப்பார்கள். எத்தனை முறை தோய்த்தாலும் அந்தப் பையில் அச்சடித்த எழுத்து முழுதாகப் போகாது.

ஏன் கார் நின்றது என்று பார்க்க இறங்கி வந்த கனகசபையர், ரோச் லைற்றைச் சரியாக அந்த இடத்தில் அடித்தார். முப்பது வருடம் தபால் கந்தோரில் பொதி நிறுத்தவர். கண்ணில் பட்ட எழுத்தை வாசிக்காமல் விடமாட்டார்போல. கண்ணாடியைச் சரிசெய்து, என் இடுப்பில் இருந்த நிறையை, இத்தனை இறாத்தல் என்று, எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

நிலம் பிளந்து என்னை விழுங்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிளக்கவில்லை. அப்படியானால் இனிச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது.

"நான்தான் பற்றரியைக் கழட்டினனான்" என்றேன். "றேடியோ கேக்க."

சிவபாதம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தகப்பனார் கையால் நிறுத்தினார். எந்தச் செய்தி அவ்வளவு அவசரம் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விம்பிள்டன், சென்னைத் தமிழர், அரையிறுதி, போன வருடம், இந்த வருடம். சொல்லத் தொடங்கியதும் என்னால் நிறுத்த முடியவில்லை. இடுப்பை ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் இடக்கைக்காரனின் அடி எப்படி வெளிப்பக்கம் வளைந்து போகும் என்றுகூடக் காட்டினேன். கனகசபையர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு அவருக்கு என்ன சம்பளம்?"

"சம்பளம் இல்லை. சம்பளத்துக்கு ஆடுறவையை அங்க சேர்க்கமாட்டினம். வெண்டால் ஒரு கிண்ணம் குடுப்பினம்."

"சம்பளமில்லாத வேலைக்கோ என்ர பற்றரி?" என்றார் அவர். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் என்னை ஏச வேண்டிய இடம் அது. அப்பா பொனற்றைத் திறந்து, லாம்பு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்.

"வயரை மாறிக் கொழுவினியோ, பிள்ளை?"

"இல்லை அப்பா."

"அப்ப வேற பிழை இல்லை. தள்ளுவம்."

எத்தனையோ பேர் என்னைப் பற்றி எத்தனையோ நல்லது சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு வசனத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

அம்மா அப்பாவின் சால்வையை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டார். பிறகு அவரும் தள்ள வந்தார். நான்கு பேரும் தள்ளி மேட்டுக்கு ஏற்றினோம். சரிவில் இறங்கும்போது கார் இருமி, குலுங்கி, உயிர் பெற்றது. நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும் என்று கனகசபையர் நிறுத்தவே இல்லை. சிவபாதம் ஓடிப்போய் ஏறினார். ஏறும்போது திரும்பி என்னிடம் கேட்டார், "உது வருசாவருசம் நடக்குமோ?"

"ஓம்" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஒரு கிழமையில் கடிதம் வந்தது. தபாலதிபரின் அழகான கையெழுத்து. சுகம் விசாரித்து, அப்பாவின் மதகு பற்றிய விளக்கத்துக்கு நன்றி தெரிவித்து, கடைசியில் இரண்டு வரி: "தங்கள் மகள் சிறந்த பிள்ளை. எங்கள் வீட்டுக்குச் சற்று அதிகம்." அம்மா அதை வாசித்துவிட்டு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் கதைத்ததும், முள்ளியவளைக்குப் போய் மாமிக்கு நானே சேலையைக் காட்டவேண்டும் என்று சொல்லத்தான். போனேன். மாமி சேலையை விரித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக என்னையும் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத்தில் கொண்டுவர முடியாது.

கதை வவுனியாவில் நிற்கவில்லை. கண்டி வீதி நெடுகப் போய், இரண்டு பக்கமும் இருந்த தரகர் அத்தனை பேரின் காதிலும் ஏறியது. போகப் போக வளர்ந்தது. மாங்குளத்தில் நான் காரின் இஞ்சினையே கழற்றினேன் என்றார்கள். ஆனையிறவுக்கு அப்பால் நான் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டேனாம். மூன்று வருடம் எங்கள் படலையைத் திறந்துகொண்டு ஒரு மாப்பிள்ளையும் வரவில்லை. எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் அது பொய். பின்னேரங்களில் புற்றுமண் தரைக்குப் போய், அறுந்த நரம்பை முடிந்து கட்டிய றாக்கெற்றால் பங்களாவின் பின்சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பேன். இனி ஓடினாலும் கேட்க யாருமில்லை என்று, ஓடி ஓடி அடித்தேன். அந்த மூன்று வருடத்தில்தான் எனக்கு உண்மையில் ரென்னிஸ் ஆட வந்தது.

பிறகு ஒருவர் வந்தார். துணுக்காயில் படிப்பித்துக்கொண்டிருந்த ஆசிரியர். தகப்பன் இல்லை, தாய் நடக்க இயலாதவர், ஆகவே தனியாக, அக்கராயன் பாதையால் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தார். சைக்கிளை வேப்பமரத்தில் சாத்தினார். பிறகு குனிந்து, விளக்குக்காக முன் சில்லில் பூட்டியிருந்த டைனமோவைக் கழற்றி எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு ஏறினார்.

நான் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தபோது அது அவருடைய மடியில் இருந்தது. தேத்தண்ணீரை வாங்குவதற்குக்கூட அதை விடவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தார். ஏன் அதைக் கழற்றிக்கொண்டு வந்தீர்கள் என்று அப்பா கேட்டார்.

"தரகர் சொன்னவர், கவனமாப் போங்கோ எண்டு" என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நான் அம்மாவுக்கு முன்னால், விறாந்தையில் நின்றபடியே, சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதுவரை எந்தப் பெண்ணும் பெண் பார்க்கும் சடங்கில் அப்படிச் சிரித்திருக்கமாட்டாள். அவர் பெரிய வெற்றி பெற்றவர்போல டைனமோவைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். ஆவணியில் கலியாணம் நடந்தது.

அவருக்கும் ரென்னிஸ் தெரியாது. இன்றுவரை செற் எது, கேம் எது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் கிளிநொச்சிக்கு மின்சாரம் வந்த பிறகு, வீட்டில் திடீரென்று விளக்கு அணையும் ஒவ்வொரு தடவையும், நுளம்புத்திரிக்குப் பக்கத்தில் நெருப்புப்பெட்டியைத் தடவிக்கொண்டே எங்கள் பிள்ளைகளிடம் இருட்டுக்குள் இருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"கொம்மா எங்க நிக்கிறா எண்டு முதல்ல பாருங்கோ."